கோதிக் திகில் குறும்படத்துக்கு ஆர்கெஸ்ட்ரா ஆர்.ஆர். (பின்னணி இசை): கீழ் ஸ்தாயி முழுக்கக் கலங்குகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நண்பர் எடுக்கும் குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்துகொண்டிருக்கிறேன். கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். பாழடைந்த மாளிகை, இறந்துபோன மனைவியின் அறை பூட்டியே கிடக்கிறது. நிஜ ஆர்கெஸ்ட்ராவுக்குப் பட்ஜெட் இல்லை, எல்லாம் சாம்பிள் லைப்ரரிதான் (முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலிகள்).

சிக்கல் மாடிப்படிக் காட்சியில். நாயகி விளக்கோடு ஏறுகிறாள், கீழே நின்று வேலைக்காரக் கிழவி எச்சரிக்கிறாள், இவள் கதவைத் திறக்கிறாள். டபுள் பேஸ், செல்லோ, டிராம்போன், கான்ட்ராபஸூன், ஆர்கன் எல்லாவற்றிலும் சி மைனர் கார்டு (சி, ஈ-ஃப்ளாட், ஜி மூன்றும் சேர்ந்தது) வைத்திருக்கிறேன். கனமாக ஒலிக்க வேண்டியது சேறு மாதிரி கலங்கி நிற்கிறது. ஈக்யூவில் (ஒலியின் குறிப்பிட்ட அலைவரிசையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 200 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினால் கலங்கல் குறைகிறது, கூடவே பயமும் போய்விடுகிறது. கிழவியின் வசனமும் அமுங்குகிறது. எங்கிருந்து சரிசெய்வது?

பதில் 1:
முதலில் ஈக்யூவைக் கழற்றிவிடுங்கள். கோளாறு மிக்ஸில் இல்லை, சுரங்களை அடுக்கியிருக்கும் விதத்தில்தான். மிடில் சி-க்கு (பியானோவின் நடுவிலுள்ள சி) இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி சுமார் 65 ஹெர்ட்ஸ், அதன் மேலுள்ள ஈ-ஃப்ளாட் சுமார் 78. வித்தியாசம் 13-கூட இல்லை. அது காதில் கரகரப்பாகத்தான் விழும். அதே இரண்டு சுரங்களை மிடில் சி-யில் வாசித்தால் இடைவெளி ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ், கார்டு தெளிவாகக் கேட்கும்.

அதனால் அடியில் அகலமாக வையுங்கள். டபுள் பேஸும் கான்ட்ராபஸூனும் சி மட்டும். செல்லோ அதற்கு மேல் ஜி. ஈ-ஃப்ளாட்டை மிடில் சி-க்கு மேலே கொண்டுபோய், மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் சிறு துண்டு) போட்ட வயோலாவிடம் கொடுங்கள். டிராம்போனை இந்தக் காட்சியில் கதவு திறக்கும்வரை தொடவே வேண்டாம். ஆர்கனில் காலால் வாசிக்கும் பெடல் சுரம் ஒன்று போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது வேறு. அவள் படியில் கால் வைக்கும்போதே முழு ஆர்கெஸ்ட்ராவும் பயந்துவிட்டால், கதவு திறக்கும்போது பார்ப்பவருக்கு என்ன மிச்சம்?

ஹாமர் என்ற பிரிட்டிஷ் திகில்பட நிறுவனத்தின் 1958 ‘டிராகுலா’வுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட், ‘டிரா-கு-லா’ என்ற மூன்று அசைக்கும் பொருந்துகிற மாதிரி மூன்றே சுரத்தில் மையக் கருவைப் போட்டார். அவ்வளவு சின்னதாக இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம், நுழைந்ததும் அடையாளம் தெரிந்துவிடும். 1935-இல் ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன், மணப்பெண்ணுக்கு உயிரூட்டும் காட்சியில் டிம்பனி என்ற பெரிய முரசை இதயத்துடிப்பாக அடிக்க விட்டார். மற்ற வாத்தியங்கள் எவ்வளவு ஏறினாலும் அந்தத் துடிப்பு காட்சியைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் படத்துக்கும் இறந்த மனைவிக்கென்று மூன்று, நான்கு சுரம் போதும். முன்பாதியில் தனி செல்லோவில் மெதுவாகக் காட்டி வையுங்கள். படியில் டபுள் பேஸின் ஒற்றைச் சுரம் மட்டும் நீளட்டும். கைப்பிடியில் கை வைத்ததும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கதவு திறந்த பிறகு அந்தச் சுரங்கள் வரட்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அடுக்கை மாற்றியதுமே சேறு தெளிந்துவிட்டது. நிசப்தத்தைக் கேட்டு இயக்குநர் முதலில் தயங்கினார், படத்தோடு ஓட்டிப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். கிழவி பேசும் இடத்தில் வயலின் ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாக நடுக்கி வாசிப்பது) இருக்கிறது, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி வில்லை இழுக்கும் வகை. சத்தத்தைக் குறைத்தாலும் வசனத்தோடு மோதுகிறது. அப்புறம், கதவு திறக்கும் இடத்தில் சி மைனரிலேயே நிற்பது சப்பென்று இருக்கிறது.

பதில் 1:
அந்த ட்ரெமலோவில் மேல்சுரங்கள் அதிகம். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அதன் கீச்சு பரவும். பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். வால்யூமைக் குறைப்பதைவிட, அவள் பேசி முடிக்கும்வரை வயலினை நிறுத்தி பேஸ் கிளாரினெட்டில் நீண்ட ஒரு சுரம் வையுங்கள். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் ட்ரெமலோ தலைகாட்டலாம்.

பதில் 2:
கதவுக்கு ஏ-ஃப்ளாட் மைனர் போட்டுப் பாருங்கள். ஈ-ஃப்ளாட் அப்படியே நிற்கும், சி அரை ஸ்வரம் இறங்கும், ஜி அரை ஸ்வரம் ஏறும். நகர்வு இவ்வளவுதான், ஆனால் தரை காலடியில் நழுவிவிடும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் ‘தாஸ் ரைன்கோல்ட்’ ஓபராவில் மாயத் தலைக்கவசத்துக்கு இதே வகை நகர்வைத்தான் வைத்தார். சினிமாவில் அதற்குப் பிறகு நிறையப் பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள், எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

பதில் 3:
லைப்ரரி தந்திகள் கீபோர்டு மாதிரி கேட்டால், ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றும் மாடுலேஷன் வீலை ஒவ்வொரு சுரத்திலும் கையால் ஏற்றி இறக்குங்கள். எல்லா வாத்தியத்துக்கும் ஒரே வளைவைக் காப்பி செய்யாதீர்கள். தெரிந்த ஒருவர் செல்லோ வாசிப்பார் என்றால், மனைவியின் அந்தச் சில சுரங்களை மட்டும் நிஜமாகப் பதிந்து லைப்ரரிக்கு மேலே வையுங்கள். வில்லின் உரசல் ஒன்று கேட்டாலே மற்றதையெல்லாம் காது நம்பிவிடும். சவுண்ட் மிக்ஸருக்குக் கொடுக்கும்போது கீழ்த் தந்தி, மேல்த் தந்தி, பிராஸ், ஆர்கன், டிம்பனி எனத் தனித்தனி ஸ்டெம்மாக (தனி ஒலிக்கோப்பாக) கொடுங்கள். தியேட்டரில் கீழ் ஒலி கூடிப்போனால் அவரால் அதை மட்டும் இறக்க முடியும்.

கேட்டவர்:
ஏ-ஃப்ளாட் மைனர் உட்கார்ந்துவிட்டது. செல்லோவுக்கு ஆள் கிடைத்திருக்கிறார், நோட்டேஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூவருக்கும் நன்றி.