டிஎஸ்ஓவை ஆஃப் செய்தால் விஎம் வேகமாகுமாம்!

தோவாளைக்காரன்:
நம்ம மாவட்ட லினக்ஸ் குழுவில் நேற்று ஒருவர், "கேவிஎம்மில் விஎம்மிலிருந்து வெளியே போகும் டேட்டா மெதுவாக இருந்தால், முதலில் டிஎஸ்ஓவை ஆஃப் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறார். விஎம் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்; லினக்ஸில் அதை ஓட்ட உதவுவது கேவிஎம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டிஎஸ்ஓ என்பது டேட்டாவைப் பாக்கெட்டுகளாக வெட்டும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விட்டுவிடும் வசதி. அது இருந்தால் விஎம் 64 கேபி வரை ஒரே கட்டாக, தன்னைச் சுமக்கும் ஹோஸ்ட் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடும். ஆஃப் செய்தால், 1500 பைட் எம்டியூவுக்கு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) அதைச் சுமார் 45 பாக்கெட்டாக வெட்டும் வேலை விஎம்மின் சிபியூ தலையில். தோவாளைச் சந்தையில் ஒரு மூட்டைப் பிச்சிப்பூவை 45 பொட்டலமாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது எழுதுவது மாதிரி.

மார்த்தாண்டத்தான்:
எழுதினது நான்தான் அண்ணாச்சி, மறைத்துப் பேச வேண்டாம். என் கடை விஎம்மில் டிஎஸ்ஓவை ஆஃப் செய்தேன், சரியானது.

குளச்சல்காரி:
வேகம் என்றால் எது? ஃபைல் போகிற வேகமா, பிங் நேரமா? அதை முதலில் சொல்லுங்கள் இரண்டு பேரும்.

தோவாளைக்காரன்:
விஎம்மின் நெட்வொர்க் கார்டு ஈ1000ஆ, விர்ட்ஐஓவா? ஈ1000 என்றால் இன்டெல் கார்டு மாதிரி நடிப்பது. டிரைவர் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் விஎம்மை நிறுத்திவிட்டு, அதை ஓட்டும் ஹைப்பர்வைசர் உள்ளே வரும். விர்ட்ஐஓ விஎம்முக்கென்றே வடிவமைத்த கார்டு; அதில் பஃபர்களை (டேட்டா இருக்கும் நினைவக இடங்களை) வளையத்தில் அடுக்கிவிட்டு, ஹோஸ்டுக்குத் தகவல் சொல்ல ஒரே ஒரு தட்டு போதும். 2010இல் லினக்ஸ் 2.6.34இல் விஹோஸ்ட்-நெட் என்ற பகுதி வந்தபின் அந்தத் தட்டையும் ஹோஸ்டின் கெர்னலே வாங்கிக்கொள்கிறது, விஎம்மை நடத்தும் கியூஎமு என்ற மென்பொருள் வரை போவதில்லை. சிபியூ நாலைந்து கொடுத்திருந்தால் மல்டிகியூவைப் போடுங்கள், டேட்டா பல வரிசைகளில் போகும். இதையெல்லாம் விட்டுவிட்டு டிஎஸ்ஓ மேல் ஏன் கை வைக்கிறீர்கள்?

மார்த்தாண்டத்தான்:
கார்டு எதுவாக இருந்தால் என்ன? என் பில் மென்பொருள் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் அனுப்பும். ஆஃப் செய்தேன், சரியானது.

தோவாளைக்காரன்:
ஒரே பாக்கெட்டில் அடங்குகிற டேட்டாவை டிஎஸ்ஓ வெட்டுவதே இல்லை! அப்புறம் எப்படிச் சரியானது? நடுவில் ரீபூட் செய்தீர்களா?

மார்த்தாண்டத்தான்:
செய்தேன். அதற்கென்ன?

தோவாளைக்காரன்:
ஈத்டூல் என்ற கார்டு அமைப்புக் கட்டளையில் மாற்றியது ரீபூட்டில் போய்விடும். உங்கள் விஎம்மில் இப்போது டிஎஸ்ஓ ஆனில்தான் இருக்கும்!

மார்த்தாண்டத்தான்:
ரீபூட்டில் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் போட்டிருப்பேன்.

தோவாளைக்காரன்:
போட்டிருப்பேனா, போட்டிருக்கிறேனா?

ஆரல்வாய்மொழி:
பிச்சியை மூட்டையில் கட்டினால் கசங்கிவிடும். கூடையில்தான் போகும். தோவாளைக்காரருக்கு இதுகூடத் தெரியாதா?

தோவாளைக்காரன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூ வியாபாரம். நீங்கள் எனக்குப் பூ சொல்லித் தர வேண்டாம். பேச்சு டிஎஸ்ஓ பற்றியது.

மார்த்தாண்டத்தான்:
இவர் எப்போதும் இப்படித்தான். போன ஓணத்துக்கு டிஹெச்சிபி வழியே ஐபி முகவரி கிடைக்காதபோது "கேபிளைப் பாருங்கள்" என்றார். கடைசியில் பாக்கெட்டின் பிழைச் சரிபார்ப்பு எண்ணைப் போடும் வேலையைக் கார்டிடம் விடும் செக்ஸம் ஆஃப்லோடுதான் கோளாறு. ஒரு நாள் வியாபாரம் போச்சு. நாகர்கோவிலைத் தாண்டி இருக்கிறவர்களுக்கு நாங்கள் என்றால் இளக்காரம்.

தோவாளைக்காரன்:
செக்ஸம் வேறு, டிஎஸ்ஓ வேறு. இப்போதும் என் விஎம்மில் நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டிப் பார்த்தேன். டிஎஸ்ஓவை ஆஃப் செய்த நொடியில் இருந்த ஒரு சிபியூவும் முழுசாக நிரம்பி நின்றது. ஆன் செய்ததும் இறங்கியது. ஈத்டூலில் சின்ன கே (-k) போட்டு, அது காட்டும் டிஎஸ்ஓ வரியை இங்கே ஒட்டுங்கள். ஒரே ஒரு வரி. அதைக் கேட்டால் ஊர்ப் பேச்சு பேசுகிறீர்கள்.

குளச்சல்காரி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்தான்:
கடை அடைத்தாச்சு, வரியெல்லாம் ஒட்ட முடியாது. ஆஃப் செய்தேன், சரியானது.

தோவாளைக்காரன்:
நாளைக் காலையில் கடை திறப்பீர்கள்தானே? நான் இங்கேயேதான் இருப்பேன்.