பையன் எவ்வளவு ஓடியாடுறான்னு எப்படிக் குறிச்சு வைக்கிறது?

கேள்வி: ஆறாவது படிக்கிறான். தினமும் விளையாடின நேரத்தை எழுதச் சொன்னா, ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளுக்கும் "1 மணி நேரம்"னு நிரப்பிடுறான். எத்தனை அடி நடந்தான்னு எண்ணுற வாட்ச் வாங்கிடலாமா?

பதில்: வேண்டாங்க. என் பொண்ணு கட்டில்ல உட்கார்ந்து கையை ஆட்டியே 2000 அடி ஏத்தினா! இப்போ ஃபிரிட்ஜ்ல மாசக் காலண்டர். விளையாடிட்டு வந்ததும், கை கழுவுறதுக்கு முன்னாடியே 15 நிமிஷத்துக்கு ஒரு கோடு. உலக சுகாதார நிறுவனம் 5-17 வயசுக்குச் சொல்றது நாளைக்கு 60 நிமிஷம், அதாவது நாலு கோடு. மூச்சு வாங்கணும். கடைக்கு மெதுவா நடந்ததெல்லாம் சேராது (அதுக்கும் போடுவா, கண்டுக்க மாட்டேன்).

இன்னொரு பதில்: 60ங்கிறது சராசரிதான். பரீட்சை நாள்ல ரெண்டு கோடுன்னா விட்டுடுங்க. வாரம் 3 நாளாவது ஸ்கிப்பிங் மாதிரி எலும்புக்கு வேலை கொடுங்க.

கேட்டவர்: மாட்டியாச்சு. முதல் நாளே ஆறு கோடு. சந்தேகமாத்தான் இருக்கு.