கடற்கரை–தாம்பரம் வண்டியை மட்டும் ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ என்று சொல்வது ஏன்?

ஊரப்பாக்கம் புதுவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்து ஆறு மாதங்களாகின்றன. ஊரப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் எழும்பூர் வரை புறநகர் ரயிலில் போய் வருகிறேன். எங்கள் வீட்டுக்கார அம்மா முதற்கொண்டு அலுவலகத்து நண்பர்கள் வரை எல்லோரும் இந்த வண்டியை ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ என்றே சொல்கிறார்கள். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் புறப்படும் விரைவு வண்டியும் இன்று மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

இன்னொரு ஐயமும் உண்டு. சென்ட்ரலுக்கு எதிரிலேயே பூங்கா நிலையம் இருக்கிறது. அப்படியிருக்க, தாம்பரம் வண்டி ஏன் சென்ட்ரலுக்குள் போகாமல் வெளியே நின்றுவிட்டுக் கடற்கரைக்குப் போகிறது? அந்தக் கடற்கரை நிலையத்தில் கடற்கரையையே காணோம் என்பது வேறு கதை. ஊரிலிருந்து வந்த உறவினர்களை அங்கே அழைத்துச் சென்று, வெளியே வந்து, கடல் எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டு, அவர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

சீசன் டிக்கெட்:

பெயருக்கான விடை 1931ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு மே 11 அன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அப்போது இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கையில் இருந்தது. தெற்கு ரயில்வே என்ற அமைப்பு 1951இல்தான் உருவாயிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் வண்டிகளெல்லாம் கரியைத் தின்று புகையைக் கக்கிக்கொண்டிருந்த காலத்தில், புகையில்லாமல், கரிப்பொட்டு கண்ணில் விழாமல், நின்ற மறுகணமே விறுவிறுவென்று கிளம்பிய வண்டியைக் கண்டவர்கள் அதை வேறென்ன பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்? இந்தியாவிலேயே முதன்முதலில் மின்சார ரயில் ஓடியது இங்கேதான் என்பது நம் ஊருக்குப் பெருமை.

அந்தப் பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சாரப் புறநகர் வண்டிகள் 1979இல்தான் வந்தன. ஆக, ஏறக்குறைய 48 ஆண்டுகள் சென்னையில் புறநகர் மின்சார வண்டி என்றால் அது தாம்பரம் வண்டி ஒன்றுதான். இரண்டு தலைமுறை நாக்கில் பழகிய சொல்லை யார் மாற்றுவது?

மீட்டர் கேஜ் பிரியன்:

மேலே எழுதிய நண்பர் பெயர்க்காரணத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு திருத்தம் தேவை. இந்தியாவின் முதல் மின்சார ரயில் பம்பாயில், விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே 1925 பிப்ரவரி 3 அன்று ஓடியது. நமக்குரிய பெருமை வேறு வகையைச் சேர்ந்தது. பம்பாயில் ஓடியது அகலப் பாதை. நாம் மின்மயமாக்கியது மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை.

இரண்டாவது கேள்விக்கும் விடை அந்த மீட்டர் கேஜில்தான் இருக்கிறது. சென்னைக்கு ரயில் கொண்டுவந்தவை இரண்டு வெவ்வேறு கம்பெனிகள். மெட்ராஸ் ரயில்வே என்பது அகலப் பாதைக் கம்பெனி. தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடி, தென்னாட்டில் ரயில் யுகத்தைத் தொடங்கிவைத்தது அதுதான். சென்ட்ரல் அதன் வீடு. தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி என்று போனது தென்னிந்திய ரயில்வே. அதன் அளவு 1,000 மில்லிமீட்டர். அதன் வீடு எழும்பூர். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. அளவே ஒத்துப்போகாத இரண்டு பாதைகளை ஒரே நிலையத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க எவரும் முனையவில்லை. பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் பெட்டி படுக்கையோடு ஓடுகிறோமே, அந்த ஓட்டம் இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே இருந்த எல்லைக்கோட்டைத் தாண்டுகிற ஓட்டம்.

இன்று அளவு ஒன்றாகிவிட்டதே, இணைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து. தண்டவாளங்கள் அங்கே பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்து முடிந்துவிடுகின்றன. தாம்பரம் பாதையோ அதன் முகப்புக்கு எதிரே குறுக்காகச் சென்று, கோட்டை வழியாகக் கடற்கரையை அடைகிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் கடற்கரைக்குப் போய் ராயபுரம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

மீட்டர் கேஜ் காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பெட்டிகள் ஒடுக்கமானவை, எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். கையில் இருக்கும் பயணச்சீட்டு நகத்தால் கீறினாலும் கிழியாத கெட்டி அட்டை. கடற்கரையில் வாங்கி தாம்பரம் வருவதற்குள் வியர்வையில் அதன் ஓரம் மட்டும் பஞ்சுபோல் உப்பியிருக்கும். அகலப் பாதை போட்ட பிறகும் சில ஆண்டுகள் இரண்டு அளவுகளும் அருகருகே ஓடின. எந்த நடைமேடைக்கு எந்த வண்டி வரும் என்று தெரியாமல் படிக்கட்டில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருப்போம். 2004இல் மீட்டர் கேஜ் புறநகர் வண்டிகள் நிறுத்தப்பட்டபோது, வசதி கூடியதே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்தான். ஆயினும் ஒரு வண்டியையாவது ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருக்கலாம் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

கம்பி மேல் கண்:

மின்சாரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1931இல் மேலே ஓடிய கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். இந்த முறையில் மின்னழுத்தம் குறைவு என்பதால் மின்னோட்டம் மிகுதியாகத் தேவைப்படும். கம்பி தடிமனாக இருக்க வேண்டும், துணை மின்நிலையங்களும் சில கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான சுமார் 30 கிலோமீட்டருக்கு அது போதுமானதாக இருந்தது. விழுப்புரம் வரை நீட்ட வேண்டும் என்று வந்தபோது கட்டுப்படியாகாது. 1950களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, நம் பாதையும் 1967இல் அதற்கு மாறியது. பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். இருந்ததால் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகளை இங்கேயே கட்டிக்கொள்ளவும் முடிந்தது. முன்னோடியான மும்பையின் புறநகர்ப் பாதைகள் நேர் மின்னோட்டத்தை முழுமையாகக் கைவிட இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் எவ்வளவு முன்னதாக மாறியிருக்கிறோம் என்பது புரியும்.

பல்லாவரம் பாட்டனார்:

கடல் தெரியாத கடற்கரை நிலையத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தம்பி, அந்த ஆட்டோக்காரர் சிரித்ததில் தவறில்லை. ஆனால் பெயரிலும் தவறில்லை. இன்றைய ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் முதல் கடற்கரைச் சாலை. அந்தக் காலத்தில் அலை அதன் ஓரத்துக்கே வந்துகொண்டிருந்தது. துறைமுகம் கட்டி, கடலைத் தூர்த்து, சுவர் எழுப்பியபின் கடல் தள்ளிப் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. மெரினாவுக்குப் போக வேண்டுமானால் வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் ஏறித் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்குங்கள்.

இந்தப் பாதையின் நிலையப் பெயர்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி ஒரு சங்கதி ஒளிந்திருக்கும். குரோம்பேட்டை என்பது ஏதோ பழைய ஊர்ப்பெயர் அன்று. குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நான் பள்ளிக்குப் போன காலத்தில் பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்த நிலையம் வருகிறது என்று சொல்லிவிடலாம். தாம்பரம் சானடோரியம் நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது, டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை. காசநோய்க்கு அன்று நல்ல காற்றே பெரிய மருந்து. அதற்காகவே நகரத்தை விட்டு அவ்வளவு தொலைவில் இடம் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொலைவுதான் இன்று வீட்டு மனை விளம்பரங்களில் ‘நகரின் மையத்தில்’ என்று வருகிறது!

மீனம்பாக்கத்துக்கும் திரிசூலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். விமான நிலையம் என்றால் மீனம்பாக்கம் என்பது எங்கள் தலைமுறையின் பழக்கம். பயணிகள் முனையங்கள் 1980களில் திரிசூலம் பக்கம் வந்த பிறகும் அந்தப் பழக்கத்திலேயே மகளை மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டு, இரண்டு பெட்டிகளைத் தலையிலும் கையிலும் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையோரம் வியர்க்க விறுவிறுக்க நடந்தவன் நான். விமானத்துக்குத் திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் செல்ல வேண்டும்.

ஊரப்பாக்கம் புதுவாசி:

இவ்வளவு விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. பாட்டனார் ஐயா, அடுத்த முறை உறவினர்களைச் சரியான கடற்கரைக்கே அழைத்துச் செல்கிறேன். நடைமுறைக் கேள்வி ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. தாம்பரம் வரை சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி இருக்கிறது; தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கத்துக்கு என்றால் காத்துக் காத்துக் கால் கடுக்கிறது. இந்த வேறுபாடு ஏன்? குளிர்சாதன வண்டிக்கு மாறினால் பயன் உண்டா?

சீசன் டிக்கெட்:

முதலில், முன்பு எழுதியதைத் திருத்திய மீட்டர் கேஜ் பிரியனுக்கு நன்றி. பம்பாயை நான் மறந்திருக்கக் கூடாது.

தாம்பரத்தில் வண்டி குறைவதற்குக் காரணம் தண்டவாளங்களின் எண்ணிக்கை. தாம்பரத்துக்கு வடக்கே புறநகர் வண்டிகளுக்கென்றே இரண்டு பாதைகள் தனியாக உள்ளன. தொலைதூர வண்டிகள் வேறு பாதையில் போகும். தாம்பரத்துக்குத் தெற்கே நெடுங்காலம் மொத்தமே இரண்டு பாதைகள்தான். பாண்டியன், பொதிகை போன்ற விரைவு வண்டிகளும் சரக்கு வண்டியும் உங்கள் செங்கல்பட்டு வண்டியும் அவற்றிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டியிருந்தது. தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாம் பாதை 2022 மே மாதத்தில்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மூன்றாவது வந்தும், இரண்டு திசைப் போக்குவரத்துக்கு மூன்று பாதை என்பது எப்போதும் ஒரு பக்கம் பற்றாக்குறைதான். காலையில் வண்டலூருக்கு முன்னால் காரணமே தெரியாமல் நிற்கும்போது, பக்கத்துப் பாதையில் ஒரு விரைவு வண்டி உங்களைத் தாண்டிப் போவதைக் கவனித்திருப்பீர்கள்.

இதே நெருக்கடி வடகோடியிலும் உண்டு. எழும்பூருக்கும் கடற்கரைக்கும் இடையிலான நாலரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நான்காம் பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் கடற்கரைக்கு வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. ஒரு சிறு துண்டுப் பாதைக்கு ஓராண்டுக்கு மேல் ஒரு முழு வழித்தடத்தின் வால் வெட்டப்பட்டிருந்ததென்றால், நகரத்துக்குள் இடம் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதன வண்டியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் தொடங்கிய அந்த 12 பெட்டி வண்டியில் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். படியில் தொங்க முடியாது. அதையே அதன் முதல் நன்மையாக நான் சொல்வேன். தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். குளிர்சாதன வண்டியில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு அப்போது 85 ரூபாய். வெயில் காலத்தில் முதுகோடு சட்டை ஒட்டாமல் அலுவலகம் போய்ச் சேர்வதற்கு அந்தப் பணம் தகும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேராதவன். காலை நெரிசலில் செங்கல்பட்டு வரை போகும் சாதாரண வண்டி இன்னும் இரண்டு கிடைத்தால் அதுவே எனக்குப் போதும்.

கம்பி மேல் கண்:

சீசன் டிக்கெட் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. குளிர்சாதன வண்டி ஓடும் நேரத்தில் சாதாரண வண்டியை எடுத்துவிட்டுப் போட்டால்தான் அது குறை. கூடுதலாகப் போட்டால் யாருக்கும் இழப்பில்லை. புதுவாசிக்கு என் யோசனை இது: மாலையில் எழும்பூரில் ஏறும்போது வண்டியின் முகப்பைப் பார்க்காமல் ஏறாதீர்கள். தாம்பரத்தோடு நிற்கும் வண்டியில் ஏறிவிட்டு, தாம்பரத்தில் இறங்கி, அடுத்து வரும் செங்கல்பட்டு வண்டியில் நுழைய இடமில்லாமல் நிற்பதைவிட, எழும்பூரிலேயே ஒரு வண்டியை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு அல்லது திருமால்பூர் வண்டிக்குக் காத்திருப்பது மேல். உட்கார இடம் வேண்டுமென்றால் எதிர்த்திசை வண்டியில் ஏறிக் கடற்கரைக்கே போய், அங்கிருந்து திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் உங்கள் சீசன் கடற்கரை வரைக்கும் இருக்கட்டும், எழும்பூர் வரை வாங்கியிருந்தால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரிடும்.