ரோமர் காலச் சிலுவை: சுமந்தது முழுச் சிலுவையா, குறுக்குக்கட்டை மட்டுமா?

தேடல்:
சினிமாவிலும் சர்ச் ஓவியங்களிலும் முழுச் சிலுவையைத் தோளில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளங்கையில் ஆணி, இரண்டு பாதத்துக்கும் சேர்த்து ஒரே ஆணி, காலுக்கடியில் சின்னதாக ஒரு பலகை. ரோமர்கள் உண்மையிலேயே இப்படித்தான் செய்தார்களா? யார் செய்தது, சாக எவ்வளவு நேரம் ஆனது? எலும்பு, கல்வெட்டு மாதிரி நேரடி ஆதாரம் ஏதாவது கிடைத்திருக்கிறதா? இறையியல் விளக்கம் வேண்டாம், வரலாறு போதும்.

கல்வெட்டுப்பித்தன்:
கல்வெட்டு உண்டு. நேப்பிள்ஸ் பக்கத்தில் புத்தேயோலி (இன்றைய பொட்சுவோலி) என்ற துறைமுக ஊரில் பிணம் அடக்கும் வேலையைக் குத்தகைக்கு விட்ட ஒப்பந்தம் அது. அதே குத்தகைக்காரர்தான் சிலுவையில் ஏற்றும் வேலையையும் பார்க்க வேண்டும். வீட்டு அடிமையைத் தண்டிக்க எஜமானர் ஆள் கேட்டால் மரம், சங்கிலி, கயிறு, சாட்டையடிப்பவர்கள் எல்லாவற்றையும் குத்தகைக்காரர் கொடுக்க வேண்டும். குறுக்குக்கட்டையைக் கொண்டுபோகிறவர், அடிக்கிறவர், தண்டனையை நிறைவேற்றுகிறவர் என ஆளுக்கு 4 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கூலி. அது ஒரு தெனாரியஸ், ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அதிகாரி உத்தரவிட்டால் சிலுவை, ஆணி, கீல் (தார்), மெழுகு, மெழுகுத்திரி எல்லாம் இலவசம். வேலையாட்கள் 20 வயதுக்குக் குறையக் கூடாது, 50 தாண்டக் கூடாது. ஒரு மனிதனைக் கொல்ல இவ்வளவு சாவகாசமாக விலைப்பட்டியல் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது வயிற்றைப் பிசையும்.

நீங்கள் கேட்ட சுமை விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கல்வெட்டு பேசுவது 'பட்டிபுலும்' என்ற குறுக்குக்கட்டையைப் பற்றி. கி.மு. 3-2ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய ஒரு வரியும் 'பட்டிபுலுமை ஊர் வழியே சுமக்கட்டும், பிறகு சிலுவையில் அறையப்படட்டும்' என்ற பொருளில்தான் வருகிறது. முதலில் சாட்டையடி. பிறகு விரித்த கைகளைக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, குற்றம் எழுதிய பலகையோடு நடத்திக்கொண்டு போவார்கள். நட்டமரம் ஊர் எல்லைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் உள்ள சாலையோரத்தில் நிற்கும். வழியில் போகிறவன் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஸ்பார்டகஸ் கலகம் அடங்கிய கி.மு. 71இல் கபுவாவிலிருந்து ரோம் வரை 6,000 பேரைச் சாலையோரம் ஏற்றியதாக வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். தூரம் சுமார் 200 கி.மீ. வகுத்துப் பாருங்கள், 33 மீட்டருக்கு ஒரு ஆள்.

ஆனால் 'இதுதான் முறை' என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தலைகீழாகத் தொங்கவிட்டது, மறைவிடம் வழியே மரத்தைச் செருகியது, கையை விரித்துக் கட்டியது எனப் பல வகை பார்த்ததாக ரோமத் தத்துவஞானி செனெக்கா சொல்கிறார். நடுவில் உள்ளது நம் ஊரில் கழுவேற்றம் என்கிறோமே, அதேதான். கி.பி. 70 ஜெருசலேம் முற்றுகையில் சிப்பாய்கள் கோபத்திலும் கேலியிலும் ஆளுக்கொரு கோணத்தில் அறைந்தார்கள் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். ஒரு நாளைக்கு 500 பேர், சில நாள் அதற்கும் மேல். சிலுவைக்கு இடம் இல்லை, உடலுக்குச் சிலுவை இல்லை.

கால்பலகை பிற்கால ஓவியர்களின் கைவண்ணம். பழைய எழுத்துகளில் வருவது இருக்கைமுளை. சிலுவைக்கு ஐந்து முனை என்று 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆயர் இரேனியஸ் எண்ணுகிறார்: நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, நடுவில் ஆள் உட்காரும் ஒன்று. அதை இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எடை கொஞ்சம் அதில் இறங்குவதால் சாவு தள்ளிப்போகும்.

அகழ்குழி:
எலும்புக்கு வருகிறேன். 1968இல் ஜெருசலேமின் வடக்கே கிவ்அத் ஹமிவ்தாரில் ஒரு கல்லறை. எலும்புப் பெட்டியில் யெஹோஹனான் என்று பெயர். வலது குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. முதலில் ஆராய்ந்தவர் இரண்டு குதிகாலுக்கும் சேர்த்து ஒரே ஆணி, நீளம் 17-18 செ.மீ. என்று எழுதிவிட்டார். 1985இல் மறுபடி அளந்ததில் 11.5 செ.மீ.தான், துளைத்தது ஒரே குதிகாலை. அந்த நீளம் இரண்டு குதிகாலுக்கும் மரத்துக்கும் சேர்த்துப் போதாது. ஆக, நட்டமரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கால், ஆணி வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே. ஆணித்தலைக்கும் எலும்புக்கும் நடுவில் ஒலிவமரத் துண்டின் மிச்சம் இருந்தது. ஆசாரி வாஷர் போடுகிற மாதிரிதான்: அது இல்லாவிட்டால் திமிறும்போது கால் ஆணித்தலையைத் தாண்டிக் கழன்றுவிடும்.

கை எலும்பில் ஆணி போன தடயம் கிடையாது. அவரைக் கயிற்றால் கட்டியிருக்கலாம். 'உள்ளங்கையா மணிக்கட்டா' என்ற சண்டையே கொஞ்சம் வீண். நற்செய்திகளின் கிரேக்க மூலத்தில் உள்ள 'கெய்ர்' என்ற சொல், தமிழில் 'கை' என்பதைப் போல, விரலிலிருந்து மேலே வரை குறிக்கும்.

இன்னொன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஃபென்ஸ்டன்டன் என்ற ஊரில். 2017இல் தோண்டியது, 2021இல் வெளியானது. அங்கேயும் வலது குதிகாலில் ஆணி.

நாடி:
'எவ்வளவு நேரம்' என்பதற்கு மட்டும்: சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை. முன்னால் வாங்கிய சாட்டையடி, இரத்த இழப்பு, வெயில், ஆணியா கயிறா, இருக்கைமுளை இருந்ததா, எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். மாற்கு நற்செய்தியில் இயேசுவைப் பற்றி 'அதற்குள் செத்துவிட்டாரா' என்று ரோம ஆளுநர் பிலாத்து ஆச்சரியப்படுவதும் இதனால்தான்.

மூச்சுத் திணறித்தான் சாவார்கள் என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பார்பே. தலைக்கு மேலே கை கட்டித் தொங்கினால் அது சரி. பக்கவாட்டில் விரித்து, காலுக்கும் பிடிமானம் இருந்தால்? அமெரிக்காவில் சூகிபி என்ற தடயவியல் மருத்துவர் தன்னார்வலர்களை அப்படிக் கட்டிவைத்துப் பார்த்தபோது மூச்சு முட்டவில்லை. காயம், நீரிழப்பு, இரத்த ஓட்டம் குலைவது எல்லாம் கூடிக் கொல்கிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் கால் எலும்பை அடித்து நொறுக்குவார்கள்.

இறக்கினாலும் பிழைப்பது அரிது. தனக்குத் தெரிந்த மூன்று பேரை ஜொசிஃபஸ் ரோமத் தளபதி தீத்துஸிடம் கெஞ்சி இறக்க வைத்தார். வைத்தியம் பார்த்தும் இரண்டு பேர் போய்விட்டார்கள், ஒருவர் பிழைத்தார்.

தேடல்:
மூவருக்கும் நன்றி. ஒன்று இடிக்கிறது. ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள், ஆணியோடு எலும்பு ஏன் இவ்வளவு அரிது?

அகழ்குழி:
பல காரணம். கயிற்றால் கட்டினால் எலும்பில் தடம் விழாது. பலருக்கு அடக்கமே கிடையாது, நாயும் கழுகும் தின்றுவிடும். உறவினர் திருடிப் போகாதபடி காவல் வேறு. ஆணி அடித்திருந்தாலும் அது இரும்பு, விலையுள்ள பொருள், பிடுங்கி மறுபடி பயன்படுத்துவார்கள். அதோடு அதற்கு மந்திரச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை. சிலுவை ஆணியைக் கம்பளி நூலில் சுற்றிக் கழுத்தில் கட்டினால் நான்காம் முறைக் காய்ச்சல் (மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவது) தீரும் என்று சொல்லப்படுவதை ரோம எழுத்தாளர் பிளினி குறித்துவைத்திருக்கிறார். யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் அந்த ஆணியை உடம்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பற்றிப் பேச்சு வருகிறது.

யெஹோஹனானின் ஆணி தப்பியது ஒரு தற்செயல். அடிக்கும்போது மரத்தில் கணு ஏதோ தட்டியிருக்க வேண்டும், நுனி மடங்கிவிட்டது. இழுத்தால் வராது. அதனால்தான் எலும்போடு அதுவும் பெட்டிக்குள் போனது.