‘சாக்ரெப்ளூ’ ஆல்பத்தின் சாம்பிள்களைக் கண்டுபிடிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ‘டிமித்ரி ஃப்ரம் பாரிஸ்’ என்ற பெயரில் இயங்கும் டிஜே 1996-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘சாக்ரெப்ளூ’. பாரிஸின் யெல்லோ புரொடக்‌ஷன்ஸ் வெளியீடு. ஒரு மாதமாக வேறெதையும் நான் கேட்கவில்லை. பழைய லவுஞ்ச் இசை, ஜாஸ், சினிமா வசனம் என்று துண்டு துண்டாக எடுத்து (இந்தத் துண்டுகள்தான் சாம்பிள்கள்), ஹவுஸ் என்ற நடன இசையின் தாளத்தின் மேல் ஒட்டித் தைத்திருக்கிறார். ஆனால் தையல் தெரிவதே இல்லை! அதுதான் என்னை இழுக்கிறது.

‘யூன் வெரி ஸ்டைலிஷ் ஃபீ’ பாட்டில் வரும் பெண் குரல் ஆட்ரி ஹெப்பர்ன் என்பது தெரியும். 1961-இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனிஸ்’ படத்தின் வசனம் அது. மற்ற பாட்டுகளில்தான் திணறுகிறேன். குறிப்பாக பித்தளை வாத்தியங்களும் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வரும் இடங்கள். எந்த இசைத்தட்டிலிருந்து வந்தவை? ஒன்றிரண்டு தெரிந்தாலும் போதும், சொல்லுங்கள். மூலத்தையும் இவர் வெட்டிய துண்டையும் அடுத்தடுத்துக் கேட்க ஆசை. ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவியான சாம்பிளரில் வேலை பழகுகிற எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அப்புறம், இன்னொன்று. நான் வாங்கிய பழைய இசைத்தட்டு ஒரு பக்கம் முழுக்கத் தாவுகிறது. ஊசியில் குறையா, தட்டில் கீறலா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?