புதுப்பிப்பு: 20° தெற்கு, 47° கிழக்கு எந்த நாடு என்று கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது

தேடும்போதெல்லாம் சவூதி அரேபியாவில் போய் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். சரியான விடை மடகாஸ்கர். நிலநடுக்கோட்டுக்குக் கீழே போகாமல் மேலே எண்ணியதுதான் தவறு. ஒரு பாகை அட்சம் (வடக்கு-தெற்கு அளவு) சுமார் 111 கி.மீ.; ஆக, 20° தெற்குக்குப் பதில் 20° வடக்கில் நின்று 40 பாகை தள்ளி, 4,400 கி.மீ.க்கு மேல் விலகியிருக்கிறேன்!

அப்புறம் எண்களை இடம் மாற்றியும் பார்த்தேன். 47° வடக்கு, 20° கிழக்கு என்றால் ஹங்கேரி. அதனால் அட்சத்தை முதலில் எழுதும் வழக்கத்தை விடாதீர்கள். 90-ஐத் தாண்டிய எண் என்றால் அது தீர்க்கம்தான் (கிழக்கு-மேற்கு அளவு), சந்தேகமே வேண்டாம்.

வரைபடத்தில் கீழே போகப் போக அட்ச எண் கூடினால் அது தெற்கு. இதைத்தான் நான் பார்க்கத் தவறினேன். திசையைக் கவனிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.