கம்பனிகள் ஏன் கொழும்பை விட்டு அசைவதில்லை?

வடமராட்சியான்:
யாழ் பல்கலைக்கழகம் 1974 இலிருந்து இருக்கிறது, பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் நடக்கிறது, போரில் நின்றுபோன ரயில் 2014 இல் திரும்பி வந்தது, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் பறக்கிறது. வாடகையும் கொழும்பை விடக் குறைவு. பிறகும் ஏன் படித்து முடித்த பெடியள் கொழும்பு வெள்ளவத்தைக்கு ஓடுகிறார்கள்? கம்பனிக்காரருக்கு இங்கே வர மனமில்லை, அவ்வளவுதான்.

காலிவீதி:
மனதை வைத்துக் கம்பனி நடத்த ஏலாது அண்ணை. துறைமுகம், மத்திய வங்கி, அமைச்சுகள், தூதரகங்கள் எல்லாம் கொழும்புப் பக்கம், கட்டுநாயக்க விமான நிலையமும் கிட்ட. நாட்டின் உற்பத்தியில் 40 வீதத்துக்கும் கூட கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தில்தான் நடக்கிறது, அப்படியென்றால் வாடிக்கையாளரும் அங்கேதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் தெகிவளையில் அறை எடுத்து இருந்துகொண்டு, இந்தக் கம்பனி சரிவராவிட்டால் அடுத்த மாதம் மருதானையிலோ தெமட்டகொடையிலோ இன்னொன்றில் சேர்ந்துவிடுவான், அறையைக்கூட மாற்றத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வேலை போனால் எங்கே போவான்?

வடமராட்சியான்:
அதெல்லாம் தானாக வந்ததா தம்பி? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்தில்தான் நின்றன. கொழும்பு தென்மேல் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்த இடம், கப்பல் நிம்மதியாக நிற்க முடியாது. 1875 இல் அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்து 1885 இல் முடித்தார்கள், கப்பல்கள் காலியை விட்டு அங்கே திரும்பின. முழுக்க அரசாங்கக் காசு! 1978 இல் வந்த கட்டுநாயக்க வர்த்தக வலயமும் அப்படித்தான். எங்கள் பக்கம் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோனது, அதைப் பற்றி யாருக்குக் கவலை.

காலிவீதி:
சரி, தொடக்கிவைத்தது அரசாங்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு துறைமுகத்தைச் சுற்றிக் கப்பல் முகவர், காப்புறுதி, சட்டத்தரணி, கணக்காய்வாளர் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்து குந்திவிட்டார்களே, அவ்வளவு பேரையும் யார் கிளப்புவது? கட்டடம் கட்டினால் ஆள் வரும் என்றால் உங்கள் பக்கத்து அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இன்றைக்கு நிரம்பி வழிய வேணும்.

நல்லூர் அக்கா:
நான் இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனி நடத்துகிறேன், அதனால் எழுதுகிறேன். கரண்டும் இணையமும்தான் தடை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. புதிதாகப் படித்து முடித்தவர்கள் தாராளமாகக் கிடைக்கிறார்கள். நாலைந்து வருட அனுபவம் வந்ததும்தான் கை நழுவுகிறார்கள், அதுவும் காசுக்காக மட்டும் இல்லை. கடைசியாகப் போன பெடியனிடம் கொழும்புச் சம்பளமே தருகிறேன் என்றேன். “மனைவி கணக்காய்வாளர் அக்கா, அவவுக்கு இங்கே எங்கே வேலை?” என்று கேட்டான். நான் என்ன சொல்ல? எனக்குப் போட்டியாகப் பத்துக் கம்பனி இங்கே ஸ்டான்லி வீதியில் வந்தால் அதுதான் எனக்கு நல்லது.

வடமராட்சியான்:
போட்டிக்காரர் உங்கள் ஆட்களைத் தூக்கிவிடுவார்களே அக்கா?

நல்லூர் அக்கா:
தூக்கட்டும். இப்போது மட்டும் தூக்காமலா இருக்கிறார்கள், கொழும்பும் கனடாவும் தூக்குகின்றன, போனவன் போனவன்தான். பக்கத்து வீதிக்குப் போனவனென்றால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம், அங்கே படித்த வேலையும் கையோடு வரும். இன்னொன்று, வேறு இடமும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கொழும்பில் இருக்கிறவன் துணிந்து இங்கே வருவான். என் ஒரு கம்பனியை நம்பி யாரும் குடும்பத்தோடு வரமாட்டார்கள்.

காலிவீதி:
நானும் இதைத்தானே சொன்னேன்.

வடமராட்சியான்:
இல்லை, நீர் முடியாது என்றீர். நான் கேட்பது அந்த முதல் பத்துக் கம்பனியும் எப்படி வரும் என்று. அங்கேதான் அரசாங்கம் வேணும் என்கிறேன்.

நல்லூர் அக்கா:
வேணும்தான் அண்ணை, ஆனால் கட்டடம் வேண்டாம். இங்குள்ள திணைக்களங்கள் தங்கள் மென்பொருள் வேலையை இங்குள்ளவர்களிடம் தரட்டும். முதல் வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தால் ஆள் சேர்க்க வங்கியும் கடன் தரும்.

காலிவீதி:
திணைக்களம் பில்லுக்குக் காசு தர எத்தனை மாதம் எடுக்கும் என்பதையும் வங்கியிடம் சொல்லிவிடுங்கோ அக்கா.